கரைமேல் ஒரு தடம்

நாற்பத்தாறு வயதான பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் ஸைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால், அதை வெளியில் சொல்லாமலிருப்பதே உத்தமம். அதிலும் விழுந்த இடம் இமயமலையுமல்ல, நீலகிரியுமல்ல, பன்னிரண்டு அடி உயரமுள்ள ஓர் ஏரிக்கரை என்றால் கேட்கவே வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். என் முழங்கால் பத்து நாளில் ஆறிவிட்டது. கரை ஆறுவதற்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. அந்தக் கணக்கை எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

செங்கற்பட்டு ஜில்லாவை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் மலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. அங்கங்கே சில மொட்டைக் குன்றுகள் உண்டு; அவற்றிலும் சிலவற்றை ஜல்லிக்காக உடைத்துத் தின்றுவிட்டார்கள். மற்றபடி தாம்பாளத் தட்டைப் போன்ற சமதரை. வருஷம் முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. பாலாறு பெயரில் பாலை வைத்துக்கொண்டு மணலில் மட்டும் தாராளமாக இருக்கிறது. ஆகையால் முன்னோர்கள் என்ன செய்தார்கள்? பூமி எங்கே சற்றே சாய்கிறதோ அங்கே பிறை வடிவமாக மண்ணைக் குவித்துக் கரை போட்டு, ஐப்பசி கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தார்கள். ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழிந்து கீழேயுள்ள ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே இருப்பதற்கு. இப்படி ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள். மதுராந்தகன் என்ற பெயர் கொண்ட உத்தம சோழனை இன்றும் நினைப்பூட்டிக்கொண்டிருக்கும் மதுராந்தகத்து ஏரிதான் இந்தக் குடும்பத்துக்கு மூத்த அண்ணா. எங்கள் சீமையில் ஒரு மனிதன் உயரமான இடத்தில் நின்று நாலு திசையும் பார்க்க ஆசைப்பட்டால், கோபுரத்தில் ஏற வேண்டும், அல்லது ஏரிக்கரையில் ஏற வேண்டும். கோபுரத்தில் ஸைக்கிள் ஏறாது.

எனக்கு ஸைக்கிள் பைத்தியம் உண்டு என்பதை இதற்குள் நேயர்கள் ஊகித்திருப்பார்கள். மார்கழி, தை மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் படாளத்தில் பெரிய சாலையை விட்டு இறங்கி வேடந்தாங்கல் போவது என் பல வருஷத்து வழக்கம். "ஆறு நாள் பிள்ளைகளின் கூச்சல் போதாதென்று ஏழாம் நாள் பறவைகளின் கூச்சலைக் கேட்கப் போகிறீர்களாக்கும்" என்று என் மனைவி சொல்லுவாள். அது வாஸ்தவம். வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். எழுபத்தைந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் பக்கத்து ஏரிகளோடு ஒப்பிட்டால் அது ஒரு குட்டை. ஆனால் அந்தக் குட்டையின் நடுவே தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டிருக்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும், இலைக்கும் கிளைக்கும் இடம் விடாமல் கூடு கட்டிக்கொண்டு நத்தை குத்தி நாரைகளும், வர்ண நாரைகளும், அரிவாள் மூக்கன்களும், கூழைக்கடாக்களும், நீர்க்காகங்களும் போடுகிற சத்தத்தைக் கேட்டால், எங்கள் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு ஒரு மௌன மடம் என்று தோன்றும்.

இந்தக் கூச்சலை அவ்வூரார் இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பிரியமாகச் சகித்து வருகிறார்கள். கும்பினியார் காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் இங்கே வந்து நாரைகளைச் சுட்டு வேடிக்கை பார்த்தபோது, ஊரார் ஜில்லா கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரையிடம் போய் முறையிட்டார்கள். 1798 வாக்கில் அவர், இந்த ஏரியில் எவரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார். மதுராந்தகத்து ஏரிக் கரையை ராமரும் லட்சுமணரும் வில்லேந்திக் காவல் காப்பதை ஓர் இரவு மழையில் கண்ணால் கண்டார் என்று ஏரிகாத்த ராமர் கோயில் கதை சொல்லுகிறதே, அந்தப் பிளேஸ் துரையும் இவரேதான். பறவைகளிடம் ஊராருக்கு அப்படி என்ன பாசம் என்றால், அதில் வேதாந்தம் பாதி, வேளாண்மை பாதி. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுந்து, மதகு வழியாக வயலுக்குப் போய், சும்மா கிடைக்கிற உரமாகிறது. தீபாவளிக்கு வேடந்தாங்கலில் பட்டாசு வெடிக்கும் வழக்கம் இல்லை. பிள்ளைகளுக்கு மத்தாப்பு இல்லாத தீபாவளி என்பது லேசான விஷயமல்ல என்பதை ஓர் உபாத்தியாயர் என்ற முறையில் உறுதி கூறுகிறேன்.

நிற்க. பறவைகள் கூடு கட்டுவதுதான் வேடந்தாங்கலில். இரை தேடுவதோ சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும். 1998-ல் வேடந்தாங்கலைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டாரம் முழுவதையும் சரணாலயம் என்று சர்க்கார் அறிவித்ததன் காரணம் இதுதான். என் கதை நடந்தது அப்படி ஒரு சுற்றுவட்டாரத்து ஏரியில். அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஊரார் என்னை மன்னித்துவிட்டார்கள். பெயரைப் போட்டு மறுபடியும் அவர்கள் வாயைக் கிளற வேண்டாம்.

என்னிடம் பூகோளம் படித்த மாணவன் ஒருவன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்து வந்தான். நோய்த் தொற்றுக் காலத்தில், 2021-ஆம் வருஷத் தொடக்கத்தில், ஊருக்கு வந்தவன், இங்கே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே அங்கத்து வேலையைச் செய்யலானான். ராத்திரி வேலை, பகலில் ஓய்வு. ஓய்வென்றால் தூக்கம் என்று நினைப்போம். அவனோ சென்னைக்குப் போய் ஒரு மலை ஸைக்கிள் வாங்கி வந்தான். சாதாரண ஸைக்கிளை மாவாட்டிப் பருமனாக்கியது போன்ற டயர்கள். முன் சக்கரத்துக்குக் குதிரையின் முழங்கால் போல மடங்கி நிமிரும் வில் அமைப்பு. இருபதுக்கு மேற்பட்ட பல் சக்கர மாற்றங்கள். எங்கள் பக்கத்துப் பால்காரர் இரு புறமும் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, இவை ஒன்றுமில்லாமல் வரப்பிலேயே ஓட்டுகிறார் என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "வாஸ்தவம்தான் சார், இந்த வண்டி பிறந்ததே அப்படித்தான்" என்றான். கலிபோர்னியாவில் தமால்பைஸ் என்ற மலையில், 1970-களில் சில இளைஞர்கள் பழைய தடிச் சக்கர ஸைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண் பாதையில் சரிந்து இறங்குவார்களாம். இறங்கி முடிப்பதற்குள் பின் சக்கரத்துப் பிரேக்கில் இருக்கும் கொழுப்பு தீய்ந்து புகையும். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். அதையே பெயராக வைத்து 1976-ல் ஒரு பந்தயமும் நடத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்த மடங்கு முழங்கால் வாகனமெல்லாம்.

அவன் உலகில் ஓட்டாத மலையில்லை. அவற்றில் அவன் வாய் ஓயாமல் சொன்னது தென்னமெரிக்காவில் பொலிவியா தேசத்து ஆண்டிஸ் மலையைப் பற்றி. ஆண்டிஸ் மலைத்தொடரின் நீளம் சுமார் 4,300 மைல் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நான் சொன்னது படத்தில் விரலால். அவன் போனது சக்கரத்தால். லா பாஸ் நகரமே பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மோட்டாரில் 15,000 அடிக்கு மேலுள்ள ஒரு கணவாய்க்கு ஏறி, அங்கே ஸைக்கிளில் உட்காருகிறார்கள். அவ்வளவு உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். உட்கார்ந்த இடத்தில் பனி. இறங்கி நிற்கிற இடத்தில் வாழையும் காப்பியும். சுமார் நாற்பது மைலில் பதினோராயிரம் அடி இறக்கம். 1930-களில் பராகுவே தேசத்தோடு நடந்த யுத்தத்தில் பிடிபட்ட கைதிகளைக் கொண்டு வெட்டிய பாதை அது. பல இடங்களில் பத்தடிக்கு மேல் அகலமில்லை. ஒரு பக்கம் சுவர் போன்ற மலை, மறு பக்கம் ஆயிரம் இரண்டாயிரம் அடிப் பள்ளம். பொலிவியா முழுவதும் வண்டிகள் வலப் பக்கம் போகும். இந்தப் பாதையில் மட்டும் இடப் பக்கம். ஸாரதி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தன் சக்கரம் விளிம்பில் இருக்கிறதா, ஆகாயத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்காக அந்த ஏற்பாடு. லாரிகளும் பஸ்களும் விழுந்து விழுந்து 'மரணப் பாதை' என்று பெயர் வாங்கிய அந்தச் சாலைக்கு மாற்றாக 2006-ல் ஒரு புதுச் சாலை திறந்தார்கள். அதன்பின் பழைய பாதை பெரும்பாலும் ஸைக்கிள்காரர்களுக்கே சொந்தமாகிவிட்டது.

"பயமாக இல்லையா, அப்பா?" என்று கேட்டேன்.

"இருந்தது சார். ஆனால் இறங்கி முடித்ததும் முதலில் தோன்றிய நினைப்பு, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இல்லையே என்பதுதான்" என்றான்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சனி பிடித்தது. "ஏன் இல்லை? ஏரிக்கரை இருக்கிறதே!" என்றேன்.

அக்காலத்தில் பிள்ளைகளின் நிலைமை பரிதாபமாயிருந்தது. ஒன்றரை வருஷம் பள்ளிக்கூடம் இல்லை. கைபேசியில் பாடம் என்று பெயர். வீட்டுக்கு ஒரு கைபேசி, அதையும் தகப்பனார் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். நாலைந்து பேர் ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள். இரண்டு பெண்களுக்குக் கல்யாணப் பேச்சு நடந்ததை நானே போய்த் தடுத்தேன். பிள்ளைகளை எப்படியாவது ஒன்றுசேர்த்து, நீங்கள் இன்னும் பிள்ளைகள்தான் என்று அவர்களுக்கே நினைப்பூட்ட வேண்டும் என்ற தவிப்பில் இருந்தேன். மேல் வகுப்பில் சர்க்கார் இலவசமாகக் கொடுக்கும் ஸைக்கிள், அண்ணனுடையதோ அக்காளுடையதோ, பெரும்பாலும் எல்லா வீட்டிலும் இருந்தது. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாலு பேரோடு ஆரம்பித்தோம். ஆவணியில் பதினெட்டுப் பேர்.

ஏரி அப்போது கரையோரமெல்லாம் வற்றிக் கிடந்தது. ஏரியின் உட்புறத் தரையிலிருந்து மூச்சுப் பிடித்து மிதித்துக் கரை மேல் ஏற வேண்டும். உச்சியில் ஒரு கணம் வானம் மட்டும் தெரியும். பிறகு மறுபுறம் சரிவில் நேரே இறக்கம், கீழே வாய்க்கால் வரப்பு, பனந்தோப்பு. என் மாணவன் ஒரு கயிற்றைப் பிடித்து நேர்கோடாகத் தடம் அமைத்துக் கொடுத்தான். புதரை வெட்டினோம். புல்லைச் செதுக்கினோம். அந்தத் தடத்துக்குப் பிள்ளைகள் 'ஆண்டிஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வகுப்பில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், அண்ணனுடைய உயரமான ஸைக்கிளில் குறுக்குக் கம்பிக்கடியில் காலை விட்டு ஓட்டிக்கொண்டே கரையேறி, உச்சியில் இரண்டு கையையும் விட்டாள். அவள் அன்று போட்ட கூச்சலைக் கேட்க வேடந்தாங்கல் நாரைகளே வந்திருக்கலாம். அதைக் கண்ட உற்சாகத்தில்தான் நானும் ஏறி, இறங்கும்போது முன் பிரேக்கை மட்டும் பிடித்து, வாய்க்காலில் போய் விழுந்தேன். இத்துடன் என் முழங்காலின் சரித்திரம் முற்றிற்று.

அந்த ஊரில் நீர்க்கட்டி வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நீர்க்கட்டி என்றால் மதகைத் திறந்து மூடி, ஏரித் தண்ணீரை வயல்வாரியாகப் பங்கிட்டு விடுபவர். முன்பெல்லாம் அறுவடைக் களத்தில் நெல்லாகக் கூலி அளப்பார்கள். இப்போது ஏதோ கொடுக்கிறார்கள். எழுபது வயதுக்கு மேலிருக்கும். தோளில் மண்வெட்டி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. புரட்டாசியில் ஒருநாள் அவர் கரைமேல் நின்று எங்கள் விளையாட்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, புள்ளைங்க சந்தோஷமா இருக்குது, நல்லது. ஆனா இந்த எடத்திலே வேணாம்."

"ஏன் பெரியவரே? தினமும் ஆடு மாடெல்லாம் ஏறி இறங்குகிறதே?" என்றேன்.

"ஏறுது. ஆடு மாடு ஒருநாள் போன வழியிலே மறுநாள் போவாது. வளைஞ்சு வளைஞ்சு போவும். உங்க சக்கரம் ஒரே கோட்டிலே போவுது. நீங்க கோடு போட்டுக் குடுத்தீங்கன்னா, தண்ணி அது மேலே எழுதிடும்."

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒரு பையனிடமிருந்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிப் புல்லின் மேல் கொஞ்சம் ஊற்றினார்; அது அங்கேயே பரவி மறைந்தது. மீதியை எங்கள் தடத்தில் ஊற்றினார். அது பாம்புபோல் நெளியக்கூட இல்லை, அம்பு போல் அடிவாரத்துக்குப் போயிற்று. போகிற போக்கில் சிவப்பு நிறமாகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். ஓர் உபாத்தியாயருக்கு அதைவிடத் தெளிவான பாடம் எவராலும் நடத்த முடியாது.

ஆனால் நான் பட்டதாரி அல்லவா? வீட்டுக்குப் போய்க் காகிதத்தில் கணக்குப் போட்டேன். கரையின் உயரம் பன்னிரண்டு அடி. அடியில் அகலம் ஐம்பது அடிக்குக் குறையாது. எங்கள் தடத்தின் பள்ளம், அளந்து பார்த்ததில், உச்சியில் ஒரு சாண், சரிவில் நாலு விரல். இத்தனை பெரிய மண் மேட்டுக்கு இது கொசுக்கடி என்று முடிவு கட்டினேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. மழை ஒன்றுதான் விடுபட்டிருந்தது. இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண் இரண்டு கையையும் விட்ட காட்சியை இழக்க எனக்கு மனமில்லை. ஆகவே பெரியவரிடம் "பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஐப்பசி முதல் மழை பெய்த பிறகும் ஈர மண்ணில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டவிட்டேன். ஈரத்தில் ஓட்டுவது பிள்ளைகளுக்கு இன்னும் குஷி.

2021 நவம்பரில் தீபாவளி கழிந்த உடனே பிடித்த மழையைச் செங்கற்பட்டு, சென்னைப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். நாலைந்து நாள் வானம் வெளுக்கவே இல்லை. ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நீர்க்கட்டிப் பெரியவரின் பேரன், என் மாணவன்தான், சொட்டச் சொட்ட நனைந்து நின்றான். "சார், தாத்தா உங்களைக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு. மண்வெட்டி இருந்தா எடுத்துக்கிட்டு வரச் சொன்னாரு" என்றான். மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

கரைமேல் டிராக்டர் ஒன்றின் விளக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் நான் கண்டது இதுதான். எங்கள் 'ஆண்டிஸ்' வெளிச்சரிவில் ஓர் ஆள் இடுப்பளவுக்கு அறுத்துக்கொண்டு போயிருந்தது. கரையில் விழுந்த மழையெல்லாம் அந்த ஒரே வாய்க்காலைத் தேடி வந்து சேர்ந்து, மண்ணை வாரிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே தொடங்கிய அறுப்பு மேல் நோக்கி உச்சியைத் தின்றுகொண்டே வந்தது. உச்சியில் நாங்கள் தேய்த்த ஒரு சாண் பள்ளம் இரண்டு முழமாகியிருந்தது. அந்தப் பள்ளத்துக்கும் மறுபக்கம் ததும்பிய ஏரித் தண்ணீருக்கும் இடையே மிச்சம் ஒரு முழங்கூட இல்லை. காற்றடிக்கும்போதெல்லாம் அலை எழும்பி எட்டிப் பார்த்தது. ஒருமுறை தாண்டிவிட்டால் போதும். பிறகு அதைத் தடுக்க மனிதரால் ஆகாது. கீழே முந்நூறு ஏக்கர் சம்பா நாற்று நட்டிருந்தது. அதற்குக் கீழே ஊர்த் தெரு. அதற்கும் கீழே அடுத்த ஏரி. அதுவும் நிரம்பித்தான் இருந்தது. சங்கிலியைப் பற்றி முன்பு சொன்னேனல்லவா?

2015-ஆம் வருஷ வெள்ளத்தில் எங்கள் பக்கத்தில் பல ஏரிகள் உடைத்துக்கொண்டதை நான் கண்டவன். ஆகையால் அன்றிரவு என் கால் நடுங்கியதற்குக் குளிரைக் குறை சொல்ல முடியாது.

நாற்பது ஐம்பது பேர் இருந்தோம். பெரியவர் ஒருவர்தான் பேசினார், மற்றவர்கள் செய்தார்கள். முதலில் கலங்கல் பக்கம் ஆளனுப்பி, அடைத்துக்கொண்டிருந்த செடி கொடிகளை அரிந்து தண்ணீருக்கு வழிவிடச் சொன்னார். பள்ளத்தில் மூங்கிலும் பனங்கட்டையும் குறுக்கே அடித்து, கருவேல முள்ளும் வைக்கோலும் திணித்து, மேலே மண் மூட்டைகள். நானும் என் அமெரிக்க மாணவனும் மூட்டை சுமந்தோம். அவன் அன்றிரவு உத்தியோகத்துக்குப் போகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சிமெண்ட்டுச் சாக்கில் மண் வாரிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணும் தாயாரோடு வந்திருந்தாள். விடிய இரண்டு மணி நேரம் இருக்கையில் மழை சற்று விட்டது. தண்ணீர் மட்டம் இரண்டு விரல் இறங்கியது என்று மதகடியிலிருந்து குரல் வந்தது. பெரியவர் அப்போதுதான் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கி வைத்து உட்கார்ந்தார்.

என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரோ ஒரு லோட்டாவில் தேநீர் கொண்டுவந்து, "குடிங்க வாத்தியாரே, நனைஞ்சுட்டீங்க" என்றார்கள். இருபது வருஷ உத்தியோகத்தில் நான் எத்தனையோ பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். திட்டாமல் விட்டால் எப்படி வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பின் நான் செய்த காரியம், பரீட்சை முடிந்த பிறகு புத்தகத்தைத் திறந்தது. மலை ஸைக்கிள் தடம் போடுகிறவர்களுக்கென்று ஒரு சாஸ்திரமே இருக்கிறது. அதன் முதல் விதி, சரிவில் தண்ணீர் ஓடும் வாட்டத்திலேயே தடத்தை நேரே இறக்கக் கூடாது. குறுக்கே சாய்வாகக் கொண்டுபோக வேண்டும். குன்றின் சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் தடத்தின் சரிவு போகக் கூடாது. தடத்தின் வெளி விளிம்பைச் சற்றே தாழ்த்தி வைத்தால் மழைநீர் தடத்தோடு ஓடாமல் குறுக்கே வழிந்து போய்விடும். நீண்ட இறக்கமானால் இடையிடையே சிறு மேடு வைத்துத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். ஈரமான தடத்தில் ஓட்டவே கூடாது. நீர்க்கட்டிப் பெரியவர் ஒரு பாட்டில் தண்ணீரில் சொல்லி முடித்ததைத்தான் இவர்கள் படம் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஆண்டிஸில் பழைய இன்கா அரசர்கள் போட்ட பாதைகளைப் பற்றியும் படித்தேன். இன்றைய ஆறு தேசங்களின் வழியாக 30,000 கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் அந்தப் பாதைகளை 2014-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அவற்றை அமைத்த ஜனங்களிடம் சக்கரம் கிடையாது, குதிரையும் கிடையாது. ஓட்டக்காரத் தூதர்களும் சுமை தூக்கும் லாமாக்களும் போவதற்காகப் போட்ட பாதை. செங்குத்தான இடங்களில் கல்லால் படி கட்டி, தண்ணீர் போகக் கல்லால் வடிகால் வைத்திருக்கிறார்கள். மலைச்சரிவில் அவர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய வயல்களிலும், மண்ணுக்கடியில் சரளையைப் பரப்பித் தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறார்கள். மழைக்கு வேண்டிய மரியாதையைச் செய்துவிட்டுத்தான் அவர்கள் மனிதனுக்குப் பாதை போட்டார்கள். என் மாணவன் அத்தனை தூரம் போய் அந்த மலைகளில் இறங்கியவன். நான் படத்தில் விரல் வைத்துக் காட்டியவன். இரண்டு பேர் கண்ணிலும் அந்த வடிகால் படவில்லை.

தை மாதம் தொடங்கிக் கரையை மராமத்து செய்தோம். அவன் பணம் கொடுத்து லாரியில் மண் அடித்துவிடலாம் என்றான். பெரியவர் ஒப்பவில்லை, வெளி மண்ணும் உள் மண்ணும் ஒட்டாது, ஏரி மண்ணைத்தான் போட வேண்டும், ஒரு சாண் போட்டு ஈரம் தெளித்து இடித்து, பிறகுதான் அடுத்த சாண் போட வேண்டும் என்றார். ஞாயிறுதோறும் பிள்ளைகளும் நானும் கூடையில் சுமந்தோம். மேலே அருகம்புல் பதித்தோம். சித்திரை வெயிலில் முக்கால்வாசி கருகிப்போயிற்று. மறுபடியும் பதித்தோம், அதை ஆடுகள் மேய்ந்துவிட்டன. மூன்றாந் தடவை முள் வேலி கட்டினோம். 2023-ஆம் வருஷக் கோடையில்தான் பழைய தடம் இருந்த இடம் எது என்று தேடும்படி ஆயிற்று. இதற்கிடையில் 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்து சர்வதேசக் கீர்த்தி பெற்றன. பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்தபோது நான் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் மராமத்து நடக்கும்போதே ஒருநாள் கேட்டாள்: "இனிமே நாங்க எங்கே சார் ஓட்டறது?" நான் பதில் சொல்லத் தெரியாமல் பெரியவரைப் பார்த்தேன். அவர் எங்களைக் கரையின் மேற்குக் கோடிக்கு அழைத்துப் போனார். அங்கே பழைய காலத்தில் கட்டை வண்டிகள் ஏறி இறங்குவதற்கென்று கரையோடு ஒட்டிச் சாய்ப்பாக ஒரு வண்டிப் பாதை இருக்கிறது. அடியில் கருங்கல் பாவி, வெளிப்பக்கம் லேசாகச் சரித்துவிட்டிருக்கிறார்கள். முட்புதர் மூடிக் கிடந்ததால் எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதன் சரிவை அளந்து பார்த்தேன். கரைச் சரிவில் பாதிகூட இல்லை.

"தைக்கப்புறம் ஆடி முடிய இதிலே ஓட்டுங்க. மழைக்காலத்திலே யாரும் சக்கரத்தைக் கொண்டாந்து கரையிலே வைக்கக்கூடாது" என்றார் பெரியவர்.

இறக்கம் முன்போல் நெஞ்சை அடைப்பதாக இல்லை. பிள்ளைகள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு பனந்தோப்பையும் ஏரி உள்வாயிலிருக்கும் கரம்பையும் சேர்த்து, இரண்டரை மைலுக்கு ஒரு சுற்று அமைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் இப்போது செங்கற்பட்டில் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறையில் வந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் தலைமை. என் மாணவன் அமெரிக்கா திரும்பும்போது மலை ஸைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். மடங்கு முழங்காலும் இருபது பல் சக்கரமும் எனக்கு எதற்கு என்று முதலில் நினைத்தேன். பின்னால் ஒரு கேரியர் மட்டும் பொருத்திக்கொண்டேன்.

பெரியவருக்கு இப்போது முழங்கால் வலி. கடைமடை மதகு ஊரிலிருந்து ஒன்றரை மைல். சென்ற மாசி மாதம் ஒருநாள் சாயங்காலம், "வாத்தியாரே, அந்த அமெரிக்கா வண்டியிலே என்னை மதகுகிட்டே கொண்டு வுடு" என்றார். கேரியரில் உட்கார வைத்து, மண்வெட்டியைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு வண்டிப் பாதையில் இறங்கினேன். பாதி இறக்கத்தில், "மெதுவா போ, மெதுவா போ" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டவர், அடிவாரம் வந்ததும் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "இன்னொரு தபா ஏத்தி எறக்கு" என்றார்.